திரை மேடம்

பவளம் வெளுத்துப்போய் ஒரு கோடை முழுக்க அப்படியே கிடந்தால் அது செத்துவிட்டது, இனித் துளிர்க்காது என்று நிறுவியவர் பேராசிரியர் திலகவதி. இளம் வயதில் மன்னார் வளைகுடாவில் ஆண்டுக்கணக்காக மூழ்கி எழுந்து கண்ட முடிவு அது. பாடப்புத்தகங்களில் அதற்குத் 'திலகவதி வரம்பு' என்றே பெயர் வந்துவிட்டது. அரசாங்கமும் அதை எடுத்துக்கொண்டது. வரம்பைத் தாண்டிய பாறை பிணம். பிணத்துக்குக் காவல் எதற்கு? கூனித்தீவுக்குக் கிழக்கே இருந்த பவளத் திட்டைத் துறைமுகக் கால்வாய்க்காகத் தோண்டி எடுத்தபோது, அது ஏற்கெனவே செத்ததுதான் என்று சான்று கொடுத்ததும் அவரே.

அதனால்தான் அன்று காலை உதவிப் பேராசிரியை இசக்கி அவர் அறைக்குள் வந்தபோது உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"மேடம், இந்தக் கட்டுரையைப் பார்த்துட்டீங்களா?"

வெளிநாட்டுக் குழு ஒன்றின் கட்டுரை. ரொம்ப நாளைக்கு முன்பே செத்துவிட்டதாகக் கைவிட்ட பவள எலும்புக்கூடுகளைத் தொட்டியில் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, தண்ணீர் மெல்ல ஓடும்படி வைத்திருக்கிறார்கள். எலும்பின் உள்துளைகளில் ஒளிந்திருந்த துளியூண்டு உயிர் மெதுவாக மேலேறி வந்து மூடியிருக்கிறது. படங்களும் இருந்தன.

திலகவதி முழுவதையும் படித்தார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி படித்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஓட்டை எதுவும் தெரியலை" என்றார். குரல் சரியாகத்தான் இருந்தது. தான் சொன்னது பொய்த்துப்போவது விஞ்ஞானிக்கு நடக்கக்கூடியதுதான். ஆனால் கால்வாய்க்குள் போன அந்தத் திட்டு ஞாபகம் வந்ததும் கட்டுரையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

இசக்கி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும் மேடம். ரெக்ஸிலின் இதைப் பார்த்தா. நம்ம ஆய்வகத்துலயே. இவங்களுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி."

"எந்த ரெக்ஸிலின்?"

இசக்கி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க மாணவி, மேடம்."

*

சொந்த மாணவியே யாரென்று தெரியாமல்போக வைத்த அந்த ஏற்பாடு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் காலியான ஆசிரியர் இடங்களை யாரும் நிரப்பவில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் மட்டும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனார்கள். வழிகாட்டியின் முகத்தையே பார்க்காமல் மாதக்கணக்கில் தொட்டிகளோடும் குடுவைகளோடும் தனியாகக் கிடந்த பிள்ளைகள் பாதியில் ஊருக்குப் போனார்கள். வேதியியல் துறைப் பையன் ஒருவன் விடுதி அறையில் தூக்குப் போட்டுக்கொண்டான். விசாரணைக் குழு வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் வாரந்தோறும் வழிகாட்டியோடு ஒரு மணி நேரம் கட்டாயம் என்று எழுதிவிட்டுப் போனது. அத்தனை மணி நேரத்துக்கு ஆள் எங்கே?

அப்போது வந்ததுதான் இணைவழிகாட்டி என்ற கணினி நிரல். ஒரு பேராசிரியரின் கட்டுரைகள், வகுப்புகள், கடிதங்கள், மாணவர்களோடு அவர் பேசிய பதிவுகள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு, அவர் முகத்தோடும் குரலோடும் திரையில் வந்து உட்காரும். திலகவதியும் ஒப்புக்கொண்டார். ஆரம்பத்தில் சில உரையாடல்களைக் கேட்டுப் பார்த்தபோது அவருக்கே கூச்சமாகிவிட்டது. நன்றாகத் தூங்கி எழுந்து, யார்மேலும் எரிச்சல் இல்லாத ஒரு நாளில் தான் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசியது அது. முட்டாள்தனமான கேள்வி கேட்கப் பயந்த பெண்கள் அதனிடம் கேட்டார்கள். பாதியில் போகிறவர்கள் குறைந்தார்கள். மற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

திரையில் இருப்பது யார் என்று அடையாளம் போட வேண்டாம், போட்டால் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று நிர்வாகம் சொன்னது. அது சரியாகப் படவில்லை என்றாலும் திலகவதி வாதாடவில்லை. முதல் சில மாதங்களில் சில வாரம் அவரே திரையில் வந்தார், பிறகு வரவில்லை. துறைத் தலைவர் பதவி, டெல்லிக் கூட்டங்கள், தன் சொந்த ஆராய்ச்சி. மாணவர்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள்: திரை மேடம், நேர் மேடம். நேர் மேடம் பேசும்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பார், அதுதான் அடையாளம் என்று இசக்கி மாணவியாக இருந்த காலத்தில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ரெக்ஸிலினை நேர்முகத் தேர்வில் பார்த்தது மட்டும் திலகவதிக்கு மங்கலாக நினைவுக்கு வந்தது. மணப்பாட்டுப் பெண். மெலிந்த முகம். அவள் விலகியபோது வேறு காகிதங்களோடு அவள் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

*

மதியம் மாணவர்கள் உட்காரும் சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்தார். எதிரே அவர் முகம் வந்தது. நரை குறைவாக, கண்ணுக்குக் கீழே கருமை இல்லாமல்.

"வாங்க" என்றது அது.

"ரெக்ஸிலின் உன்கிட்ட என்ன காட்டினா?"

"ஆராய்ச்சி சம்பந்தப்பட்டதைச் சொல்லலாம். அவளோட சொந்த விஷயங்களை அவ சம்மதம் இல்லாம சொல்ல மாட்டேன்."

"பவளத்தைப் பத்தி மட்டும் சொல்லு."

"செத்த எலும்புக்கூட்டுல பழுப்பா ஒரு படலம் வருதுன்னு படம் காட்டினா. பாசியா இருக்கும்னு சொன்னேன். பாசி இல்லை, உயிரோட இருக்கிற திசுதான்னு சொன்னா. பக்கத்துத் தொட்டியிலிருந்து பவளக் குஞ்சு ஏதாவது மிதந்து வந்து ஒட்டியிருக்கும்னேன். தொட்டியைத் தனியா மாத்தினா. அதுலயும் வந்துச்சு. பார்க்கிறதுல எங்கேயோ பிழை இருக்கு, மறுபடி முதல்லேருந்து செய்னேன். செஞ்சா."

"அப்புறமும் அவளை ஏன் நம்பலை?"

"உங்களை வச்சுத்தானே என்னைச் செஞ்சாங்க. நீங்க எழுதின எதுலயும், பேசின எதுலயும் அது பிழைக்கும்னு ஒரு வரி இல்லை. உங்களுக்குத் தெரிஞ்சதை நான் ரொம்ப உறுதியாத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்களை விடவும் உறுதியா."

"நானா இருந்திருந்தா எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்திருப்பேன்."

"பார்த்திருப்பீங்க" என்று அது ஒப்புக்கொண்டது. "அவளும் கூப்பிட்டா. ஒரே ஒரு தடவை வந்து உங்க கண்ணால பாருங்க மேடம்னு. இந்த வாரம் முடியாதும்மான்னு சொன்னேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மாணவர்கள் கூப்பிட்டா நீங்க அதிகமாச் சொன்ன பதில் அதுதான்."

திலகவதி கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். அது அவசரப்படுத்தாமல் காத்திருந்தது.

"கடைசியில என்ன சொல்லி அனுப்பினே?"

"ஆய்வறிக்கையில அது பாசிதான்னு எழுதிக் கொடுத்தா. அதுக்கப்புறம் அவளுக்கு வேலையே ஓடலை. ஆராய்ச்சி மட்டுமே வாழ்க்கை இல்லேம்மா, உன்னை வருத்திக்காதே, வேற வழி பார்க்கிறதுல அவமானம் ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன். அழுதா. நன்றி சொன்னா."

"நீ நான் இல்லேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவ கேட்கவே இல்லை."

*

ஞாயிற்றுக்கிழமை திலகவதி தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனார். பூசை முடிந்து சனம் கோயிலிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. ரெக்ஸிலின் இப்போது தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள், ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பாள் என்று இசக்கி சொல்லியிருந்தாள்.

வாசலில் அவரைப் பார்த்ததும் ரெக்ஸிலினின் அம்மா இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஏ ரெக்ஸி, யாரு வந்திருக்கான்னு பாரு! மேடம் வந்திருக்காக!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, "ஒங்க முகத்தை இவ போன்ல காட்டியிருக்கா. இவ அப்பா போனப்ப நீங்க மட்டும் இல்லேன்னா எம்பிள்ளை என்ன ஆயிருப்பாளோ மேடம். வாரா வாரம் நீங்க பேசினதுலதான் அவ எந்திரிச்சா" என்றார். கண் கலங்கியிருந்தது.

அப்பா இறந்துபோனது திலகவதிக்கு அப்போதுதான் தெரியும். சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

ரெக்ஸிலின் ஈரத் தலையோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. டீயும் முறுக்கும் வந்தன. அம்மாவின் முன்னால் திலகவதியால் எதையும் தொடங்க முடியவில்லை. "கொஞ்சம் வெளியே நடப்போமாம்மா" என்றார்.

கரையில் ஏற்றிவைத்திருந்த படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்தார்கள். திலகவதி சுற்றி வளைக்கவில்லை. கட்டுரையைப் பற்றிச் சொன்னார். அவள் பார்த்தது சரிதான் என்றார்.

"வெளிச்சத்தைக் குறைச்சாங்களா?" ரெக்ஸிலின் சட்டென்று கேட்டாள்.

"குறைச்சாங்க."

"நானும் குறைச்சேன். தண்ணி ஓட்டம்? அது வேகமா இருந்தா வராது மேடம். நான் குழாய்ல துணி கட்டி வச்சேன்." அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பக்கத்தில் தொட்டியே இருப்பதுபோலக் கையால் காட்டினாள். பிறகு கை மெல்ல மடியில் விழுந்தது.

"அப்ப அது பாசி இல்லை."

"பாசி இல்லைம்மா."

"கம்பெனியில ஒரு தட்டு இறாலைப் பார்த்துக் கெட்டிருக்குன்னு தோணும். உடனே எழுத மாட்டேன். பக்கத்துல ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவங்களும் சொன்னாத்தான் எழுதுவேன். சூப்பர்வைசர் கேலி பண்ணுவார். என் கண்ணு சரியில்லைன்னு நானே முடிவு பண்ணிட்டேன் மேடம்."

அலை வந்து போனது. ரெக்ஸிலின் கடலைப் பார்த்தபடி கேட்டாள்:

"கூனித்தீவுத் திட்டு?"

"அதைத் தோண்டியாச்சு."

"தெரியும். பாசின்னு நான் எழுதிக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் தோண்டினாங்க. என் எலும்புக்கூடெல்லாம் அங்கேயிருந்து எடுத்ததுதான்." குரல் தாழ்ந்துவிட்டது. "அப்ப அது உயிரோட இருந்திருக்கு."

 இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று திலகவதிக்குத் தோன்றியது. இணைவழிகாட்டியைப் பற்றி, அது எப்படிச் செய்யப்பட்டது, ஏன் செய்யப்பட்டது, ஏன் அவள் கண்டதை அதனால் ஏற்க முடியாமல்போனது என்று எல்லாவற்றையும் விளக்கினார். வகுப்பெடுப்பதுபோலத் தெளிவாகவே விளக்கினார்.

"திரையில உன்கூடப் பேசினது நான் இல்லை, ரெக்ஸிலின்."

அவள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அழவில்லை. 

"சந்தேகம் இருந்துச்சு மேடம். திரை மேடம் வேற, நேர் மேடம் வேறன்னு பிள்ளைங்க பேசிக்குவாங்க. வராண்டாவுல எதிரே வருவீங்க. வணக்கம் சொன்னா யாருன்னு தெரியாமத் தலையை ஆட்டிட்டுப் போவீங்க. அன்னிக்குச் சாயங்காலமே திரையில வந்து, அம்மா முழங்கால் வலி எப்படியிருக்குன்னு கேட்பீங்க. ரெண்டும் ஒரே ஆள்தான், வேலை அவசரத்துல கவனிக்கலைன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். கேட்டிருக்கலாம். கேட்டாப் பதில் வந்துடும்ல? அதான் கேட்கலை."

"ம்."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க." இப்போதுதான் அவள் திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "எங்கப்பா படகு கவிழ்ந்து செத்துப்போன வாரம் பேசினது. நான் அழுதுட்டே இருந்தேன். நீங்க ஒண்ணுமே சொல்லாம ரொம்ப நேரம் கூடவே இருந்தீங்க. அப்புறம் அப்பாவைப் பத்திச் சொல்லு, கேட்கிறேன்னு சொன்னீங்க. அது மட்டும் நீங்கதானே மேடம்? மத்ததெல்லாம் மெஷினா இருந்துட்டுப் போகட்டும்."

ஆமாம் என்ற சொல் திலகவதியின் நாக்கு நுனிவரை வந்தது. எளிதான சொல். அவளுக்கும் அதுவே வேண்டும். ஆனால் பிரியமாகச் சொன்ன தவறான பதில்களை நம்பித்தான் இந்தப் பெண் தன் கண்ணையே கைவிட்டிருக்கிறாள். அதில் தானும் ஒன்றைச் சேர்ப்பதா?

"இல்லைம்மா. உங்க அப்பா இறந்ததே இன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்துதான் எனக்குத் தெரியும்."

ரெக்ஸிலின் எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றாள். "அவங்க உங்களுக்காகத் தினம் ஜெபம் பண்றாங்க."

*

திலகவதி செய்ய வேண்டியதைச் செய்தார். தன் வரம்பு தவறு என்று தன் கையாலேயே எழுதினார். ரெக்ஸிலினின் படங்களையும் அளவுகளையும் சேர்த்து, அவள் பெயரை முதலில் போட்டு அனுப்பினார். அது வெளிவந்தது. கடலில் இன்னும் மிச்சமிருந்த 'செத்த' திட்டுகளைத் தோண்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கூனித்தீவுக்குக் கிழக்கே கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன.

திரும்பி வந்து பட்டத்தை முடிக்கும்படி ரெக்ஸிலினுக்கு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "பேரைப் போட்டுக்கோங்க மேடம், சந்தோஷம்தான்" என்றாள் அவள் தொலைபேசியில். "ஆனா தொட்டிக்கு முன்னால போய் நிக்க இனிமே முடியாது. எதைப் பார்த்தாலும் அது இல்லைன்னு ஒரு குரல் கேட்கும். அது உங்க குரலா வேற இருக்கும்."

தன் இணைவழிகாட்டியை நிறுத்தச் சொல்லித் திலகவதி எழுதிக் கொடுத்ததும் மாணவர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். நிறுத்த வேண்டாம் என்றார்கள். ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். "இனிமே நானே வாரா வாரம் உங்களைப் பார்ப்பேன்" என்றார் திலகவதி. யாருக்கும் அதில் மகிழ்ச்சி இல்லை. சொன்னபடி பார்க்கவும் தொடங்கினார். மற்ற பொறுப்புகளை விட்டார். களைப்பில் சில நாள் சிடுசிடுத்தார். பெயர் மறந்தார். ஆனால் யாராவது எதையாவது பார்த்தேன் என்றால் பாதிப் பேச்சிலேயே எழுந்து தொட்டியடிக்கு நடந்தார். பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள்.

நிறுத்தப்போகும் வாரத்தில் ரெக்ஸிலின் கூப்பிட்டாள்.

"மேடம், அதை அணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் பேசணும். முடியுமா?"

"எதுக்கும்மா?"

"நான் பார்த்தது சரின்னு அவங்ககிட்டச் சொல்லணும். அவங்ககிட்டத்தானே காட்டினேன்."

மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. கம்பெனியில் லீவு போட்டுவிட்டு ரெக்ஸிலின் வந்தாள். நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள். அதே சின்ன அறையைத் திறந்து விட்டுவிட்டுத் திலகவதி வராண்டாவில் நின்றார். கதவில் கண்ணாடி இருந்தது. பேச்சு கேட்கவில்லை.

ரெக்ஸிலின் கைபேசியில் படத்தைத் திரைக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். விரலால் ஒரு இடத்தைச் சுட்டினாள். திரையில் இருந்த முகம், அவருடைய முகம், கிட்டே வந்து பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு ஏதோ சொன்னது. சின்ன வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும். ரெக்ஸிலின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. திரையில் இருந்த முகம் எதுவும் பேசாமல் அவள் கூடவே இருந்தது.

திலகவதியின் கை கதவுப் பிடிமேல் போயிற்று. உள்ளே போய் என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

வெளியே வந்த ரெக்ஸிலின் முகத்தைத் துடைத்திருந்தாள். இலேசாகியிருந்தாள்.

"என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார் திலகவதி.

"என்னை மன்னிச்சிடும்மா, நான் வந்து பார்த்திருக்கணும்னு சொன்னாங்க."

கடற்கரையில் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். கட்டுரையில் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தான் எங்கேயும் சொல்லவில்லை என்பது திலகவதிக்கு அப்போதுதான் உறைத்தது. 

"ரெக்ஸிலின், நான்..." என்று தொடங்கினார்.

அவள் அவர் கையைத் தொட்டாள். கனிவாகத்தான் தொட்டாள்.

"பரவாயில்லை மேடம். அதான் சொல்லிட்டீங்களே" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்தைப் பிடிக்க வேகமாகப் படியிறங்கிப் போனாள்.